எம்ரிஸ் ஊற்றிய கிண்ணம்

இது நடந்தது. கதை கட்டிச் சொல்கிறேன் என்று நினைப்பவர்கள் இங்கேயே எழுந்து போகலாம், கோபமில்லை. அந்த மேசையில் நானும் இருந்தேன். எதிர்க்கோடியில் இருந்தேன் என்பதால் பாதியைத்தான் கண்ணால் பார்த்தேன். மீதியை லீஸ்பெத் சொன்னாள். அவள் பொய் சொல்லத் தெரியாதவள். பத்து வருடமாகத் தாலாத் என்ற இந்த மலையூர்ச் சாப்பாட்டைப் பற்றி இணையத்தில் எழுதுகிறாள். தெரிந்தவர்கள் கடையாக இருந்தாலும் உப்புக் கரித்தால் கரித்தது என்றே எழுதுவாள். அந்த வாய் இதில் மட்டும் எதற்குப் பொய் சொல்லப் போகிறது?

வியாழக்கிழமை தோறும் மாலை ஆறரைக்கு அவள் வீட்டு மாடியில் கூடுவோம். பெல்ஜியம், ஸ்காட்லாந்து, வேல்ஸ் என்று ஆளுக்கொரு திசையிலிருந்து வந்து இந்த மலையில் ஒதுங்கிய பரதேசிகள். கீழ்வீட்டுக்காரி தியெப் மட்டும்தான் உள்ளூர். நடுவில் பெரிய பானை. அவரவர் கொண்டு வந்தது சுற்றிலும். லீஸ்பெத் நாற்காலி மேல் ஏறி நின்று மேசையை மேலிருந்து படம் எடுப்பாள். அதுவரை யாரும் கை வைக்கக் கூடாது. பசியில் நாங்கள் திட்டுவோம்.

அந்த மேசைக்கு ஒரு சட்டம் உண்டு. தன் கிண்ணத்தைத் தானே நிரப்பக் கூடாது. இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து, ஒருவர் கிண்ணத்தை மற்றவர் நிரப்ப வேண்டும். தனியாகத் தின்று தனியாகத் தூங்குகிறவர்கள் நாங்கள். வாரத்தில் ஒரு வேளையாவது இன்னொருவர் கை ஊற்றிச் சாப்பிடட்டும் என்று லீஸ்பெத் வைத்த சட்டம் அது.

அவளுடைய ஜோடி எம்ரிஸ். ஜன்னலோர நாற்காலி அவருடையது. வேல்ஸ் மலைநாட்டுக்காரர், எழுபது தாண்டியவர், ரயில்வேயில் கைகாட்டி இயக்கியவர். மனைவி போன பிறகு, ஊரில் இருந்ததைப் போலவே இங்கேயும் பனி இறங்குகிறது என்பதற்காக வந்து தங்கிவிட்டார். ஸ்ட்ராபெரித் தோட்டங்களைத் தாண்டிக் கடைசி வீடு. போன் உண்டு, எடுக்க மாட்டார்.

வாரா வாரம் ஒரே பதார்த்தம்தான் கொண்டு வருவார். எனாமல் தட்டில் பாலும் அரிசியும் சர்க்கரையும் போட்டு, மேலே ஜாதிக்காய் தூவி, ஓவனில் மணிக்கணக்காக வைத்து எடுத்தது. மேலே பழுப்பு நிறத்தில் ஏடு கட்டியிருக்கும். அதில் ஒரு மூலையை வெட்டி லீஸ்பெத் கிண்ணத்தில்தான் வைப்பார். அந்த மூலை வேறு யாருக்கும் கிடைக்காது. பானையிலிருந்து ஊற்றும்போது ஒரு பழக்கம். கரண்டியைப் பானை விளிம்பில் இரண்டு தட்டுத் தட்டுவார். டக்… டக்… மேசைத் துணியில் ஒரு சொட்டுச் சிந்தாது.

"என் பால்சோத்தை எப்ப எழுதப் போறே, லீஸ்?" என்று கேட்பார். தாலாத் சாப்பாடு இல்லையே என்பாள் அவள். நான் தாலாத்தில்தானே இருக்கிறேன் என்பார்.

ஒருநாள் சாப்பாட்டு நடுவில் சாதாரணமாகக் கேட்டார்.

"நான் செத்துப் போனா உங்களுக்கு எப்போ தெரியும்?"

ஸ்காட்லாந்துக்காரன் ஃபெர்கஸ் வாய் சும்மா இருக்காது. "வியாழக்கிழமை தெரிஞ்சிடும், பெருசு. பால்சோறு வரலைன்னா ஆள் காலின்னு அர்த்தம்."

எல்லோரும் சிரித்தோம். எம்ரிஸும் சிரித்தார். அந்தப் பதில் அவருக்குப் போதுமானதாக இருந்தது என்று இப்போது தோன்றுகிறது. யாருக்கும் தெரியாமல் கிடப்போமோ என்பதுதான் அந்த மனிதனுக்கு இருந்த ஒரே பயம். அதை எங்களை நம்பி இறக்கி வைத்துவிட்டுப் போனார்.

ஜூலையில் ஒரு வியாழன் எம்ரிஸ் வரவில்லை.

எங்கள் கூட்டத்தில் இன்னொரு வழக்கமும் உண்டு. யாரும் வைத்த சட்டம் இல்லை, தானாக வந்தது. வராதவரைப் பற்றிக் கேட்க மாட்டோம். விசா புதுப்பிக்க எல்லைக்குப் போகிறவர்கள், அப்படியே ஊர் திரும்புகிறவர்கள், காசு தீர்ந்து சொல்லாமல் கிளம்புகிறவர்கள்… மாதம் ஒருவராவது போவார். கேட்டால் மனசு கனக்கும். அதனால் கேட்பதில்லை.

"பெருசு விசாவுக்கு மோக் பாய் எல்லைக்குப் போயிருக்கும்," என்றான் ஃபெர்கஸ். அவ்வளவுதான். பேச்சு மாறிவிட்டது.

அன்று துளசி வாசம் அடிக்கும் காட்டு இலை போட்ட கோழிச் சாறு. லீஸ்பெத் பழக்க தோஷத்தில் ஜன்னலோரக் கிண்ணத்தை நிரப்பிவிட்டாள். தன்னையே கிண்டல் செய்துகொண்டு, எலுமிச்சை எடுக்க உள்ளே போனாள். திரும்பி வந்தபோது அவள் கிண்ணம் நிறைந்திருந்தது.

யாரோ ஊற்றியிருக்கிறார்கள் என்று நினைத்துக் குடித்தாள். நன்றாகவே இருந்தது.

எல்லோரும் போன பிறகு எம்ரிஸின் கிண்ணத்தைக் கொட்ட மனமில்லாமல் ஒரு வாய் குடித்துப் பார்த்தாள். உப்பு இல்லை. உறைப்பு இல்லை. இலை வாசம் இல்லை. வெந்நீர் ஆறினால் எப்படி இருக்குமோ அப்படி… ஒரே பானைச் சாறுதான். அவளுக்குத் திக்கென்றது. நாக்குப் போனால் அவள் பிழைப்புப் போயிற்று. ஓடிப்போய் ஒரு கல் உப்பை வாயில் போட்டாள். கரித்தது. அப்பாடா என்று படுத்துவிட்டாள்.

அடுத்த வியாழன் ஆர்ட்டிசோக் பூவும் பன்றிக்காலும் போட்ட சூப். எம்ரிஸ் வரவில்லை. எல்லையில் வரிசை நீளமாக இருக்கும் என்றார் ஒருவர். லீஸ்பெத் இந்த முறை வேண்டுமென்றே ஜன்னலோரக் கிண்ணத்தை நிரப்பினாள். அந்த இடம் காலியாக இருப்பது அவளுக்குப் பிடிக்கவில்லை. நாற்காலி மேல் ஏறிப் படம் எடுத்தாள். இறங்கினாள்.

அவள் கிண்ணம் நிறைந்திருந்தது.

"யாரு ஊத்துனது?"

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். நான் ஊற்றவில்லை. என் பக்கத்தில் இருந்தவரும் இல்லை.

"நீயே ஊத்திக்கிட்டு மறந்திருப்ப. வயசாகுது," என்றான் ஃபெர்கஸ். சிரிப்பு எழுந்தது. அவளும் சிரித்தாள். ஆனால் தான் ஊற்றவில்லை என்பது அவளுக்குத் தெரியும்.

மறுநாள் படத்தைக் கணினியில் பெரிதாக்கிப் பார்த்தாள். மலைக்குளிரில் எல்லாக் கிண்ணத்திலிருந்தும் ஆவி சுருண்டு எழுந்தது. ஜன்னலோரக் கிண்ணத்தில் மட்டும் ஆவி இல்லை. அப்போதுதான் ஊற்றியது அது. படத்தை அவள் வெளியிடவில்லை. எம்ரிஸுக்குப் போன் செய்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அவர் எப்போதும் எடுக்காதவர்தானே என்று வைத்துவிட்டாள்.

மூன்றாவது வியாழன்.

மாலையிலிருந்தே மழை. தகரக் கூரையில் ஒரே சத்தம். காளான் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. தியெப் சீக்கிரமே மேலே வந்துவிட்டாள். கிண்ணம் அடுக்கும்போது லீஸ்பெத் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னாள். சப்பென்று போன சாறு, ஆவி இல்லாத கிண்ணம், யாரும் ஊற்றாமல் நிறைந்தது…

தியெப் கையில் இருந்த கிண்ணங்களைக் கீழே வைத்தாள்.

"எங்க வீட்ல செத்தவங்களுக்குப் படையல் போட்டு எடுத்தா சாப்பாடு அப்படித்தான் இருக்கும், அக்கா," என்றாள்.

எல்லோரும் உட்கார்ந்தோம். லீஸ்பெத் ஜன்னலோரக் கிண்ணத்தை நிரப்பினாள்.

ஏழு பத்துக்கு மின்சாரம் போனது.

கும்மிருட்டு. யாரோ தீப்பெட்டி தேடினார்கள். மழை சட்டென்று விட்டுவிட்டது. கூரை அமைதியானது.

அப்போது கேட்டது.

டக்…

டக்…

நான் கேட்டேன். எதிர்க்கோடியில் இருந்த எனக்கே கேட்டது. பானை விளிம்பில் கரண்டி.

மேசை மேல் ஏதோ நகர்ந்தது. மெதுவாக… பீங்கான் துணிமேல் உரசும் சத்தம்…

லீஸ்பெத்தின் விரலில் சூடாக ஒன்று வந்து முட்டி நின்றது.

ஜாதிக்காய் வாசம்.

ஃபெர்கஸ் போன் வெளிச்சத்தைத் திருப்பினான்.

லீஸ்பெத்தின் கிண்ணத்தில் கஞ்சி இல்லை.

பால்சோறு.

மேலே பழுப்பு ஏடு. ஒரு மூலை.

யாரும் கொண்டு வரவில்லை. அந்த வீட்டில் அன்று பால்கூட இல்லை.

"சாப்பிடாதே," என்றான் ஃபெர்கஸ். குரல் அவனுடையதாக இல்லை.

தியெப் அவன் பக்கம் திரும்பவில்லை. "சாப்பிடுங்க, அக்கா. யாருக்கு ஊத்தினாரோ அவங்க வேணாங்கக் கூடாது." பிறகு எங்கள் எல்லோரையும் பார்த்துக் கேட்டாள். "அந்த ஐயாவைக் கடைசியா பார்த்தது யாரு?"

மூன்று வியாழனாக எங்களில் ஒருவர் கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

லீஸ்பெத் ஸ்பூனை எடுத்தாள். அழுதுகொண்டே தின்றாள். சூடாக இருந்தது, இனிப்பாக இருந்தது, என்றைக்கும் போலவே இருந்தது என்று பிற்பாடு சொன்னாள். முழுதும் தின்று முடித்துவிட்டுத்தான் எழுந்தாள்.

டார்ச்சுகளோடு எல்லோரும் நடந்தோம். ஸ்ட்ராபெரித் தோட்டத்து நெகிழிக் கூரைகள் இருட்டில் வெளுப்பாகத் தெரிந்தன. கடைசி வீடு. ஜன்னல்கள் சாத்தியிருந்தன. கதவு உள்ளே தாழிட்டிருந்தது. தட்டினோம். கூப்பிட்டோம். தியெப் போலீஸுக்குச் சொன்னாள். அவர்கள் வந்து கதவை உடைத்தார்கள்.

எம்ரிஸ் சமையலறையில் கிடந்தார். வெளியே போகிற சட்டை போட்டிருந்தார். தலை சீவியிருந்தார். எங்களை உள்ளே விடவில்லை. சாட்சிக்கு உள்ளூர் ஆள் வேண்டும் என்று தியெப்பை மட்டும் அழைத்துப் போனார்கள். இதயம் நின்றிருக்கிறது என்றும், அவர் வராமல் போன அந்த முதல் வியாழன் மாலையே நின்றிருக்கும் என்றும் மருத்துவர் பிறகு சொன்னார்.

வாசலில் ஈரப் புல்லில் ஃபெர்கஸ் உட்கார்ந்துவிட்டான். "வியாழக்கிழமை தெரிஞ்சிடும்னு சொன்னேனே," என்று திரும்பத் திரும்பச் சொன்னான். அவனைத் தேற்ற எங்களில் யாருக்கும் யோக்கியதை இல்லை.

சாம்பலை அவர் மனைவியின் ஊருக்கே அனுப்பினோம். லீஸ்பெத் அந்தப் பால்சோற்றைப் பற்றி எழுதினாள். தாலாத் சாப்பாடு என்றே தலைப்புப் போட்டாள். பத்து வருடத்தில் அவள் எழுதியதில் அதைத்தான் அதிகம் பேர் படித்தார்கள். அவருக்குத் தெரியாமல் போயிற்றே என்று அவளுக்கு ஆறவில்லை.

இப்போதெல்லாம் மேசையில் ஒரு நாற்காலி காலியாக இருந்தால் யாரும் சாப்பிட உட்காருவதில்லை. இருவர் எழுந்து அந்த ஆளின் வீடு வரைக்கும் போய்க் கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு வருகிறார்கள். கஞ்சி ஆறினால் ஆறட்டும்.

இந்த ஊர் வழக்கப்படி நாற்பத்தொன்பதாம் நாள் தியெப் தன் வீட்டுப் பீடத்தில் எம்ரிஸுக்குப் படைத்தாள். பால்சோறு லீஸ்பெத் செய்தது. ஊதுபத்தி பாதி எரிந்தபோது தியெப் மெல்லச் சொன்னாள். அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும், வாய் வரவில்லை என்றாள்.

"ஐயா வீட்டு மேசையில அந்த எனாமல் தட்டு இருந்துச்சு, அக்கா. எடுத்துட்டு வரத் துண்டு போட்டு மூடி வச்சிருந்தாரு. போலீஸ்காரர் துண்டை எடுத்தாரு. மேல முழுக்கப் பூஞ்சை. ரெண்டு வாரத்துப் பூஞ்சை, கறுப்பும் பச்சையுமா. ஒரு மூலை மட்டும் வெட்டி எடுத்திருந்துச்சு."

லீஸ்பெத் பீடத்தில் இருந்த பால்சோற்றைப் பார்த்தாள்.

"வெட்டின இடம் வெள்ளையா இருந்துச்சு, அக்கா. நான் பக்கத்துலதான் நின்னேன்… அங்கேருந்து ஆவி வந்துட்டிருந்துச்சு."