செவலைக்கு வைத்த பொங்கல்

என் அப்பா புல்லை அளப்பார். கோல் வைத்து அல்ல, தன் காலை வைத்து. மாத்தளைப் பக்கம் அலுவிகாரைக்கு மேலே எங்களுக்கிருந்த சரிவு நிலத்தைக் கிளுவை வேலி போட்டுத் துண்டு துண்டாகப் பிரித்திருந்தார். ஒரு துண்டில் புல் முழங்காலைத் தொட்டால்தான் மாட்டை உள்ளே விடுவார். கணுக்கால் மட்டத்துக்கு மேய்ந்ததும் அடுத்த துண்டுக்கு ஓட்டிவிடுவார். என்னைப் பள்ளிக்கூடம் கூட்டிப் போகும்போதாவது சும்மா இருப்பாரா? ரோட்டோரம் நல்ல புல்லைக் கண்டால் போதும், இடுப்புச் சாரத்தைத் தூக்கிக்கொண்டு இறங்கி நின்றுவிடுவார். கூட வரும் பிள்ளைகள் கெக்கெக்கென்று சிரிக்கும். எனக்கு மானம் போகும். ஊரில் அவருக்குப் பெயரே புல்லுக் கணக்கப்பிள்ளை.

மாடு மூன்று. புண்ணாக்கு கிடையாது, மிச்சச் சோறு கிடையாது, கழுநீர்கூடக் கிடையாது. புல்லுக்குப் பழகிய வயிறு, திடீரென்று வேறெதையும் போட்டால் தாங்காது என்பார். மாத்தளைத் தேத்தண்ணிக் கடைகளில் எங்கள் பாலுக்கு நல்ல பெயர்தான். ஆனாலும் ஊர் அவரைக் கஞ்சன் என்றது. தேயிலைத் தோட்டத்தில், வசதியான கங்காணி வீட்டில் வளர்ந்த அம்மாவுக்கும் அந்த நினைப்புதான்.

அந்த வருஷம் மாட்டுப் பொங்கலுக்கு அம்மாவின் அண்ணன், என் மாமா, பிள்ளைகளோடு வந்திருந்தார். அப்பா இலைத் துண்டில் ஒரே ஒரு பிடி பொங்கலை வைத்துச் செவலைப் பசுவுக்கு ஊட்டினார். அவ்வளவுதான் பண்டிகை.

"என்னா மாப்ள, மாட்டுக்குப் பொங்கலா, காக்காய்க்குச் சோறா?" என்றார் மாமா. "எங்க வீட்டுல பானையோட வைப்போம்."

அப்பாவும் சேர்ந்து சிரித்தார். அம்மாவின் முகம் செத்துப்போனது. "வருஷத்துல ஒரு நாளு. அதுக்கும் இந்த மனுசனுக்குக் கை வரல்ல" என்று என் காதோடு சொன்னாள். மாமா பிள்ளைகள் என்னையே பார்த்தார்கள். இப்படியும் ஒரு அப்பாவா என்று எனக்கு அழுகை முட்டியது.

மத்தியானம் அப்பா மாமாவைத் தன் புல்லைக் காட்டக் கூட்டிப்போனார். நான் இன்னும் கொஞ்சம் பொங்கல் கேட்டுக் குசினிக்குப் போனேன். அம்மா பெரிய பானையைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அதுக்குள்ளயா முடிஞ்சிருச்சு?"

"ஆமா, முடிஞ்சிருச்சு. போ, போயி வெளையாடு."

பொழுது சாயும்போது செவலை படுத்தது. இடப்பக்கம் உப்பி, பல்லை நறநறவென்று கடித்தது. அப்பா இஞ்சி தட்டிப்போட்ட எண்ணெயைப் புகட்டினார், தூக்கி நடத்திப் பார்த்தார், வயிற்றைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். எங்கள் வீட்டுப் பாலில் பாதி அதனுடையது. விடிந்தபோது செத்துக் கிடந்தது.

மாட்டு டாக்டர் வந்தார். பின்னாலேயே ஊரும் வந்தது. அவர் வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டுச் சிங்களத்தில் அதட்டினார்: இது சோறு தின்று வந்த சாவு, ஒரு பிடி இரண்டு பிடி இல்லை, யார் கொடுத்தது?

அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு குசினி வாசலில் நின்றாள். அப்பா அவளை ஒரு தடவை பார்த்தார்.

"நான்தாங்க" என்றார். "பண்டிகைன்னு கொஞ்சம் கூட வச்சிட்டேன்."

டாக்டர் அத்தனை பேர் முன்னாலும் அவரை வாங்கு வாங்கென்று வாங்கினார். "ஊருக்கெல்லாம் புல்லுப் பாடம் எடுத்த ஆளு!" என்று மாமா தலையில் அடித்துக்கொண்டார். அப்பா குனிந்த தலை நிமிரவில்லை. ஐயோ, எனக்கு எங்கே போய் ஒளிந்துகொள்வதென்று தெரியவில்லை. பள்ளிக்கூடத்தில் நான் சோத்துக் கணக்கப்பிள்ளை மகளானேன். அதன் பிறகு ரோட்டில் அவரோடு சேர்ந்து நடக்கமாட்டேன். யாரோ எவரோ மாதிரி எட்டி முன்னால் போய்விடுவேன். அவரும் கூப்பிட்டதில்லை.

அடுத்த வருஷம் மாட்டுக்கு இலை போட்டது அம்மா. ஒரு பிடிதான் வைத்தாள். மாமா பழைய கதையை எடுத்துச் சிரிக்கத் தொடங்கியதும், "போதும் அண்ணே, விடுங்க" என்று எழுந்து உள்ளே போய்விட்டாள்.

சாரத்தில் சேறு பட்டாலும், குடையை மறந்து வந்தாலும் அப்பாவை ஒரு வழி பண்ணிவிடும் அம்மா, செவலைக்காக மட்டும் அவரை ஒருநாளும் ஒரு வார்த்தை திட்டியதில்லை. ஏன் என்று அந்த வயதில் எனக்குத் தோன்றவே இல்லை. நான்தான் அப்பாவை நினைத்து வெட்கப்பட்டுக்கொண்டிருந்தேனே.