காதுக்கு ஒரு வாகனப் பூசை

என் மனைவிக்குக் காது கேட்காமல் போய்ப் பத்து வருடங்கள் இருக்கும். உதட்டைப் பார்த்துத்தான் பேச்சை விளங்கிக்கொள்வாள். அவள் மறுபக்கம் திரும்பியதும் எனக்கு வாய் நீண்டுவிடும். கறிக்கு உப்புக் காணாது என்பதிலிருந்து அவளுடைய அண்ணையின் பெருமை வரைக்கும், முதுகுக்குப் பின்னால் நின்று முணுமுணுப்பேன். கெட்ட பழக்கம்தான்.

தலைக்குள் ஒரு கருவி வைத்தால் கேட்கலாம் என்று டாக்டர்கள் சொன்ன மாதத்தில், லண்டன் எட்மண்டனில் ஒரு பழைய சாமான் கடையில் அந்த நாவல் அகப்பட்டது. அட்டையில் பாதி முகம் மனிதன், பாதி இரும்பு. நான் பிறப்பதற்கு முன்பே அச்சான புத்தகம். கதாநாயகனுக்குக் கை, கண், காது என்று ஒவ்வொன்றாக இயந்திரம் பொருத்துகிறார்கள். கடைசியில் எறும்பு நடப்பதும் அவனுக்குக் கேட்கிறது. மனைவி கூப்பிட்டால் மட்டும் யாரோ ஒரு பெண் என்று திரும்பிப் பார்க்கிறான். ரயிலில் அந்தப் பக்கத்தை வாசித்துவிட்டு, இறங்கவேண்டிய இடத்தைத் தவறவிட்டேன். பயந்துபோனேன் என்பதுதான் உண்மை.

ஒபரேஷன் முடிந்து சில கிழமைகளில் கருவியை இயக்கினார்கள். காதுக்குப் பின்னால் ஒரு துண்டைக் கொளுவ, அதிலிருந்த வட்டக் காந்தம் அவள் தலையில் தானாகவே ஒட்டிக்கொண்டது. தோலுக்கு உள்ளே அதன் சோடி இருந்தது. நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றேன்.

"என்ர குரல் கேக்குதோ?" என்றேன்.

"கேக்குது. தகரத்தில கல்லு உருட்டின மாதிரி. எல்லாற்ற குரலும் அப்பிடித்தான் கிடக்கு. வாயைப் பாத்தால்தான் ஆரெண்டு தெரியுது."

பழக மாதக்கணக்காகும் என்றார்கள். எனக்கு நாவலின் அந்தப் பக்கம்தான் ஞாபகம் வந்தது.

எங்கள் ஆட்கள் புதுக் கார் எடுத்தால் கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பூசை செய்வார்கள், சில்லுக்கு அடியில் தேசிக்காய் வைப்பார்கள். இதுவும் புது மெஷின்தானே என்று அவள் பிடிவாதம் பிடித்தாள். குளிர் குறையட்டும் என்று இரண்டு மாதம் தள்ளிப்போட்டு, ஒரு வெள்ளிக்கிழமை காலையில் மனோர் பார்க் முருகன் கோயிலுக்குப் போனோம்.

கருவியைக் கழற்றித் தட்டில் வைத்தாள். ஐயர் குழம்பிப்போனார்.

"இது வாகனமோ, ஆளோ? ஆளெண்டால் நட்சத்திரம் வேணும்."

ஐயர் தட்டைக் குனிந்து பார்த்தபடி கேட்டதால் அவளுக்கு உதடு தெரியவில்லை, கேட்கவும் இல்லை. காது தட்டில் அல்லவா இருந்தது. நான் யோசித்தேன். கார், ஆள் இல்லாமல் நின்றாலும் கார்தான். இது அவள் தலையில் ஒட்டும்வரை வெறும் பிளாஸ்டிக். அவள் இல்லாமல் அதற்குக் கேட்காது, அது இல்லாமல் அவளுக்குக் கேட்காது. இதில் எது மெஷின், எது என் மனைவி?

"சதயம்" என்று அவளுடைய நட்சத்திரத்தைச் சொன்னேன். ஐயர் அந்தத் துண்டுக்கு அர்ச்சனை செய்தார்.

சந்தனப் பொட்டோடு அதை எடுத்துக் கொளுவிக்கொண்டு, அவள் சந்நிதியைப் பார்த்துக் கும்பிட்டாள். பின்னால் ஏழெட்டுப் பேர் நின்று ஆளுக்கொன்றாக வேண்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு நடுவில் நின்று, பழைய பழக்கத்தில் நானும் முணுமுணுத்தேன்.

"முருகா, மற்றச் சத்தம் ஒண்டும் வேண்டாம். இவளுக்கு என்ர குரல் தெரிஞ்சால் காணும்."

அவள் திரும்பவில்லை. கூப்பிய கையை இறக்கவும் இல்லை.

"தெரியுது" என்றாள். "இவ்வளவு காலமும் இப்பிடித்தான் எனக்குப் பின்னால நிண்டு கதைச்சனீங்களோ?"