ஓட்டுநருடன் பேசக் கூடாது

கம்ப்யூட்டர் கடைக்குள் நுழைந்ததும் சித்தப்பா முதலில் கேட்டது, "ஸ்டியரிங் எங்க தம்பி இருக்கு?" என்றுதான்.

கடைக்காரருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "கம்ப்யூட்டரையே இன்னும் பாக்கல, அதுக்குள்ள ஸ்டியரிங்கா? வண்டி வாங்க வந்தீங்களா சார்?"

"வண்டிதான். என்ன, வீட்டுக்குள்ளயே நிக்கும்."

பாதி ஆயுளை டவுன் பஸ் ஓட்டியே கழித்தவர் அவர். கண்ணில் அழுத்தம் ஏறிப் பக்கப் பார்வை தேய்ந்ததும் வேலையிலிருந்து இறக்கிவிட்டார்கள். சித்தி இப்போது இல்லை. ஒரே மகன், எனக்குத் தம்பி, கடல் தாண்டி இருக்கிறான். போன் செய்தால் "சாப்டீங்களாப்பா"வுக்கு மேல் பேச்சு நகராது. அவன் ஞாயிறுதோறும் இணையத்தில் கார்ப்பந்தயம் விளையாடுகிறான் என்று நான் பேச்சுவாக்கில் சொன்னதைச் சித்தப்பா பிடித்துக்கொண்டார். "அதுல நானும் அவன்கூடப் போலாமா?" ஊரெல்லாம் சுற்றிவிட்டு வந்து, பயணப் பெட்டியைக்கூடப் பிரிக்காமல் அவர் வீட்டு மாடியில் கிடந்த என்னைத் துணைக்கு இழுத்து வந்துவிட்டார்.

"மூணு ஸ்க்ரீன் வச்சா ரெண்டு பக்கமும் தெரியும் சார்," என்றார் கடைக்காரர்.

"எனக்கு நேரா இருக்கறதுதான் தெரியும். ஒண்ணு போதும்."

கடைக்காரர் மற்ற இரண்டு திரைகளை ஓரமாக நகர்த்தினார். பிறகு அவரே, "அப்ப கிராபிக்ஸ் கார்டும் நடுத்தரமானதே போதும் சார்," என்று இறங்கிவந்தார்.

ஸ்டியரிங்கில் மட்டும் சித்தப்பா விட்டுக்கொடுக்கவில்லை. கண்ணை மூடி ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தார். லேசாகச் சுழன்றதை, "இது பொம்மை" என்று ஒதுக்கினார். உள்ளே மோட்டார் வைத்தது ஒன்று, திரையில் காரின் சக்கரம் சாலையோரத்தில் ஏறியதும் கையை உதறியது. "இதுல ரோடு கைக்கு வருது," என்றார், முகமெல்லாம் மலர்ந்து. பிரேக்கை அவர் மிதித்த மிதியில் பெடல் பலகையே நழுவிப் போய் அட்டைப்பெட்டிகளைச் சரித்தது.

"மைக் வச்ச ஹெட்போன் எடுத்துக்கங்க. கூட ஓட்டுறவங்களோட பேசிக்கிட்டே ஓட்டலாம்."

"ஓட்டும்போது என்ன பேச்சு? என் தலைக்கு மேலயே போர்டு மாட்டியிருந்தாங்க தம்பி, ஓட்டுநருடன் பேசக் கூடாதுன்னு. ஸ்பீக்கர் குடுங்க, இன்ஜின் சத்தம் கேட்டாப் போதும்."

நானும் சிரித்தபடி தலையாட்டிவிட்டேன்.

ஞாயிறு மாலை, சாப்பாட்டு மேசையில் ஸ்டியரிங்கை முடுக்கியிருந்தோம். தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார். ஸ்பீக்கரில் தம்பியின் குரல் வந்தது.

"அப்பா! வந்துட்டீங்களா? கேக்குதா?"

"கேக்குதுப்பா!" தெருவுக்கே கேட்டிருக்கும்.

"அப்பா? உங்க சத்தமே வரலியே."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. "நம்மகிட்ட மைக் இல்ல சித்தப்பா. போன்ல கூப்பிடட்டா?"

"ஓட்டும்போது போனா? அறிவிருக்கா உனக்கு?" கை ஸ்டியரிங்கை விட்டு அசையவில்லை.

தம்பியின் கார் முன்னால் போனது. சித்தப்பா அதன் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு, முன்விளக்கை இரண்டு முறை அடித்தார். எதிரில் வரும் பஸ்காரர்களிடம் அவர் இத்தனை காலம் நலம் விசாரித்தது அப்படித்தான். பந்தயத்தில் அதற்கு வழிவிடு என்று அர்த்தம்.

"சரிப்பா, சரிப்பா, போங்க!" தம்பி மரியாதையாக ஒதுங்கினான்.

சித்தப்பா வேகத்தைக் குறைத்தார். அவனும் குறைத்தான். பின்னால் வந்த கார்கள் முட்டித் தள்ள, வேறு வழியில்லாமல் முன்னே போனார். பின்னால் வருவது ஓரக்கண்ணாடியில்தான் தெரியும். ஓரம்தான் அவருக்குத் தெரியாதே.

"வர்றானா?" என்று என்னைக் கேட்டார்.

"வர்றான் சித்தப்பா."

அடுத்த வளைவிலும் கேட்டார். அந்த வளைவில் பின்னால் யாரும் இல்லை.

பந்தயம் முடிந்ததும் ஸ்பீக்கரில் தம்பி வந்தான். "நல்லா ஓட்டுனீங்கப்பா. லைன்தான் சரியில்ல போல. கொஞ்சம் வேலை இருக்கு, அப்புறம் பாக்கலாம்." குரல் நின்றது.

மறுநாள் தனியாகவே போய் மைக் வைத்த ஹெட்போன் வாங்கிவந்தார்.

அடுத்த ஞாயிறு நான் மாடியிலிருந்து இறங்கியபோது, ஹெட்போனை மாட்டிக்கொண்டு திரைக்கு நேரே உட்கார்ந்திருந்தார். அவர் கார் பாதையோரம் அணைந்து நின்றது. தெரியாத கார்கள் விர்விர்ரென்று கடந்தன. தம்பியின் பெயர் திரையில் இன்னும் வரவில்லை.

"ஓட்டலியா சித்தப்பா?"

"பேசணும்னா வண்டிய நிறுத்திட்டுத்தான பேசணும்," என்றார். "நீ சத்தம் போடாத. அவன் கூப்பிட்டாக் காதுல விழாது."