இருபத்திரண்டு அங்குல ஒயர்

போன வாரம் டிஷ் மாட்ட வந்தவர் கேபிளின் முனையைச் சீவியபோது லேசாக ஒரு வாடை அடித்தது. வேறு யாருக்கும் அது மூக்கில் ஏறியிருக்காது. எனக்கோ, கொடைக்கானலில் ஒரு தகரக் கூரைமேல் குளிரில் நடுங்கிக்கொண்டு நின்றது ஞாபகத்துக்கு வந்துவிட்டது.

எண்பதுகளின் தொடக்கம். அங்கே ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் நான் இயற்பியல் லேப் உதவியாளன். இருபத்துமூன்று வயது, எனக்குத் தெரியாதது எதுவுமில்லை என்ற நினைப்பு. மலைமேல் இலங்கை டிவி தெரியும் என்று கேள்விப்பட்டு, அலுமினியக் குழாய்களை வளைத்து ஒரு ஆன்டெனா செய்து, யூகலிப்டஸ் கம்பத்தில் கட்டி, ஆசிரியர் ஓய்வறை டிவியோடு இணைத்திருந்தேன். வெயிலடித்தால் படம் பளிச்சென்று வரும். மஞ்சு இறங்கி மலையை மூடினால் போச்சு. ஆன்டெனாவிலிருந்து டிவிக்கு இழுத்திருந்த தட்டை ஒயர் நனைந்து, திரையில் வெறும் புள்ளிகள்.

ஹாஸ்டலில் சமைத்த ராக்கம்மா அக்கா, இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்தவர். ஒரு நாள் கடிதமும் கையுமாக வந்தார். அங்கேயே தங்கிவிட்ட தம்பி எழுதியிருந்தார். அவர்கள் தோட்டத்தில் மன்மதன் கதையை ஆடும் காமன் கூத்தை வருகிற ஞாயிறு மாலை டிவியில் காட்டுகிறார்களாம். அதில் அவர் தப்பு மேளம் அடிக்கிறாராம்.

“பத்து வருசமாச்சு தம்பி, அவன் மொகத்தப் பாத்து. மஞ்சு வந்தாலும் படம் தெரியணும். ஏலுமா?”

“ஏலும்க்கா” என்று அவர் பேச்சிலேயே வாக்குக் கொடுத்துவிட்டேன்.

மதுரைக்குப் பஸ் ஏறி, நனைந்தாலும் கெடாத உருண்டை கேபிள் வாங்கிவந்து மாட்டினேன். படம் முன்னைவிட மோசம். கணக்கு வாத்தியார் எட்டிப் பார்த்தார். “ஏலே, டிவிக்குள்ளயும் மஞ்சு எறங்கிருச்சா?”

புத்தகத்தைப் புரட்டியபோது விஷயம் புரிந்தது. என் ஆன்டெனா தட்டை ஒயருக்குத்தான் தோது. உருண்டை கேபிளோடு அது ஒத்துப்போகாது. வருகிற சிக்னலில் ஒரு பங்கு இணைப்பிலேயே திரும்பிவிடும். அதே கேபிளில் அரை அலை நீளத்துக்கு ஒரு துண்டு வெட்டி, வளைத்து, ஆன்டெனாவின் இரு முனைகளுக்கும் இடையே பற்றவைத்தால் இரண்டும் பொருந்திவிடும். கணக்குப் போட்டு முப்பத்துமூன்று அங்குலம் வெட்டிப் பற்றவைத்தேன். சனிக்கிழமையும் புள்ளிகள்தான்.

ஞாயிறு மத்தியானம், வாயில் சோற்றோடு இருக்கும்போது உறைத்தது. கேபிளுக்குள் அலை மெதுவாகப் போகும். நான் காற்றில் போகிற நீளத்தையல்லவா வெட்டியிருக்கிறேன்! எச்சில் கையோடு கூரைக்கு ஓடி, பதினோரு அங்குலத்தை வெட்டி எறிந்தேன்.

பற்றவைக்கப் பார்த்தால், என் சால்டரிங் அயன் எரிந்துபோயிருந்தது. லேபில், நெருப்பில் சுடவைத்துப் பற்றவைக்கிற செம்பு முனைக் கம்பி ஒன்று பழசாகக் கிடந்தது. அதை அக்கா சமையலறை விறகடுப்பில் பழுக்கவைத்து, முந்தானையால் பிடித்துக்கொண்டு ஏணியேறி வந்தார். மேலே வருவதற்குள் ஆறிப்போகும். மறுபடி இறங்கி ஓடுவார்.

“வெரசா வைங்க தம்பி, மஞ்சு வருது!”

மூன்றாம் நடையில்தான் ஈயம் உருகிப் பிடித்தது.

சாயங்காலம் கூத்து தொடங்கியபோது ஜன்னலுக்கு வெளியே மஞ்சில் ஒன்றும் தெரியவில்லை. உள்ளே பள்ளிக்கூடமே கூடியிருக்க, டிவியில் படம் கலையாமல் நின்றது. தீப்பந்தம், ஆட்டம், கூட்டம். ஓரத்தில் இடது கையால் தப்படித்துக்கொண்டு ஒருவர்.

“எந்தம்பி! நொட்டாங்கையால அடிக்கிறான் பாருங்க, அவனேதான்!” அக்கா ஓடிப்போய்த் திரையைத் தொட்டுவிட்டார். கணக்கு வாத்தியார் எழுந்து நின்று கை தட்டினார். அன்று ராத்திரி என் தட்டில் மட்டும் இரண்டு முட்டை.

அந்த ஓய்வறை இப்போது கம்ப்யூட்டர் அறையாம். கூரைகளில் ஆன்டெனாக்கள் இல்லை. அக்காவும் இல்லை. தூர தேசத்து முகங்கள் நினைத்த நேரத்தில் கைக்குள் வந்துவிடுகின்றன. ஒரே ஒரு முகத்துக்காக ஒரு பள்ளிக்கூடமே மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை அப்புறம் நான் எங்கும் பார்க்கவில்லை.