ஞாயிற்றுக்கிழமை அவசரம்

கொச்சி மட்டாஞ்சேரிக்கு வந்த மூன்றாவது மாதமே எனக்கு மலையாளம் வந்துவிட்டதென்று நானே முடிவு செய்துகொண்டேன். தொண்ணூறுகளின் நடுவில், கோவில்பட்டியில் பட்டப்படிப்பு முடித்த கையோடு வந்து, ஒரு கிடங்கில் மிளகின் ஈரப்பதம் சோதிக்கும் வேலையில் சேர்ந்திருந்தேன். யார் பேசினாலும் பாதி புரியும். மீதியை நானே நிரப்பிக்கொள்வேன்.

என் மாடி அறைக்குக் கீழே வீட்டுக்காரர். ஊருக்கு அவர் போலீஸ் சேட்டன், எனக்கு அண்ணன். பூர்வீகம் தமிழ், பிறந்து வளர்ந்தது இங்கே. இருபது வருடம் போலீஸில் இருந்தவர், பாட வேண்டும் என்பதற்காக விருப்ப ஓய்வு வாங்கினார். அதற்குப் பிறகு இரண்டு வருடத்தில் ஒரே ஒரு கல்யாண வீட்டில்தான் பாடினார். அங்கேயும் பந்திக்கு ஆள் கூப்பிட மைக்கைப் பாதியில் வாங்கிக்கொண்டார்கள்.

"இந்த மாசம் ஒரு மேடை கிட்டலைன்னா களமசேரி கம்பெனிக்கு செக்யூரிட்டியா போயிடறேன்" என்று மனைவியிடம் வாக்குக் கொடுத்திருந்தார். கம்பெனியில் திங்கட்கிழமை நேரில் வரச் சொல்லியிருந்தார்கள். மிச்சமிருந்தது பக்கத்துத் தெரு சங்கீத கிளப் மட்டும்தான். மாதம் ஒரு ஞாயிறு அங்கே பாட்டு உண்டு. இடமிருந்தால் போன் பண்ணுவதாக செக்ரட்டரி சொல்லியிருந்தார்.

வியாழக்கிழமை மத்தியானம் நான் சாப்பிட வந்த நேரத்தில் கீழே போன் அடித்தது. வேறு யாரும் இல்லாததால் ஓடிப்போய் எடுத்தேன். செக்ரட்டரிதான். இரண்டு வாக்கியம் பேசிவிட்டு வைத்துவிட்டார். அண்ணன் வந்ததும் சொன்னேன்: "செக்ரட்டரிக்கு ஞாயித்துக்கிழமை ஆறு மணிக்கு ஏதோ அவசர சோலியாம்ணே. அப்புறம் பாக்கலாம்ங்கிற மாதிரி சொன்னாரு."

"ஓ" என்றார். அன்று ஆர்மோனியத்தைத் திறக்கவில்லை.

ஞாயிறு மத்தியானம் ஜமுக்காளமும் மைக் செட்டும் ஏற்றிய பெட்டி ஆட்டோ ஒன்று தெருவில் போனது. எங்கே என்று கேட்டதற்கு, "கிளப்பிலேக்கா, இந்நு பாட்டுண்டல்லோ" என்றான் டிரைவர். கிளப்பில் இன்று பாட்டு உண்டாம். அண்ணன் முகம் பழைய ஸ்டேஷன் முகமாக மாறியது.

"அப்போ என்னை மட்டும் வெட்டினது ஆரு?"

முதல் சந்தேகம் கிளப்பில் தபலா வாசிப்பவர் மேல். அண்ணன் பாட்டைக் கேட்டால் லத்தி சார்ஜ் மாதிரி ஓடத் தோன்றுகிறது என்று ஒருமுறை சொன்னவர் அவர். அண்ணன் அவரைச் சாயாக்கடையில் வைத்துப் பிடித்தார். நான் சாட்சி.

"வியாழாழ்ச நீ எவிடெ ஆயிருந்நு?" வியாழக்கிழமை எங்கே இருந்தாய் என்று விசாரணை.

"வைட்டிலயில். பெங்ஙளுடெ வீட்டில்."

"சாட்சி?"

"அளியன் உண்டு."

பெங்ஙள் என்றால் கூடப்பிறந்தவள், அளியன் அவள் புருஷன். மச்சான் சாட்சி செல்லாது என்றார் அண்ணன். தபலாக்காரர் சாயாவை ஆற்றியபடி, செக்ரட்டரியையே கேட்டால் என்ன என்றார். "கேக்கறதுக்கு நான் பிச்சைக்காரனா?" என்று தமிழில் வெடித்துவிட்டு அண்ணன் வெளியே வந்துவிட்டார்.

வீட்டில் அக்கா, அதாவது அவர் மனைவி, கப்பைக்கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்தார். "ஊரையெல்லாம் சோதிச்சாச்சு. போன் எடுத்த ஆளைக் கேட்டீங்களா?"

அண்ணன் என்னை நாற்காலியில் உட்கார வைத்தார். முழுநீளத் தாள் வந்தது, பேனா வந்தது. "உனக்கு மனசிலானது எனக்கு வேண்டா. அவன் வாயில வந்தது மட்டும் சொல்லு."

என் ஞாபகசக்தி மேல் எனக்கு எப்போதும் ஒரு கர்வம். செக்ரட்டரியின் குரலிலேயே சொன்னேன்: "ஞாயறாழ்ச ஆறு மணிக்கு ஒரு அவசரம் உண்டு. சேட்டனோடு பறயணே."

பேனா நின்றது. "ஒருக்கா கூட சொல்லு."

சொன்னேன்.

முதலில் சிரித்தது அக்காதான். கிழங்குத் தட்டை நகர்த்தி வைத்துவிட்டுச் சிரித்தார். மலையாளத்தில் அவசரம் என்றால் வாய்ப்பு; அதைச் சேட்டனிடம் சொல்லிவிடச் சொல்லியிருக்கிறார். எனக்குத் தெரியாது. தெரியாது என்பதும் தெரியாது.

"எடா, எனக்கு வந்த சான்ஸைக் கொண்டுபோய் அவனுக்கு சோலியாக்கிட்டியேடா! அதுல 'அப்புறம் பாக்கலாம்' வேற. அது ஆரு சொன்னது?"

"அது... நானாத்தான்ணே."

மணி ஐந்தரை. ஸ்கூட்டரின் பின்னால் ஆர்மோனியத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அண்ணன் வண்டியை நேராகக் கிளப் வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார். பதில் வராததால் அவருடைய இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டதாக செக்ரட்டரி சங்கடத்துடன் சொன்னார். கடைசியில் வேண்டுமானால் ஒரே ஒரு பாட்டு பாடலாமாம். அண்ணன் தலையாட்டினார். மேடையிலிருந்த தபலாக்காரர் எங்களைப் பார்த்து, "ப்ரதியெ கிட்டியோ?" என்று கேட்டார். குற்றவாளி கிடைத்தானா என்று அர்த்தம். அண்ணன் மோவாயால் என்னைக் காட்டினார்.

அவர் முறை வந்தபோது கூட்டத்தில் பாதி கிளம்பியிருந்தது. முதல் வரியில் குரல் பிசிறியது. தபலாக்காரர் அவரைப் பார்க்காமலே வேகத்தைக் குறைத்து அவருக்காகக் காத்திருந்தார். இரண்டாவது வரியில் குரல் திறந்துகொண்டது. மாடியிலிருந்து தினமும் கேட்ட குரல்தான், ஆனால் அங்கே வேறு மாதிரி இருந்தது. செருப்பைத் தேடிக்கொண்டிருந்த இரண்டு பேர் வாசலிலேயே நின்றுவிட்டார்கள்.

முடித்ததும் பின்னாலிருந்து யாரோ, "ஒண்ணு கூடி!" என்றார். இன்னொரு பாட்டு!

அண்ணன் நேராக என்னைத்தான் முறைத்தார். நான் இல்லை என்று தலையசைத்தேன். நம்பாமல் பின்வரிசையை ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். செக்ரட்டரி கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, பாடுங்கள் என்று கைகாட்டினார்.

திங்கட்கிழமை அவர் களமசேரிக்குப் போகத்தான் செய்தார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் லீவு வேண்டும் என்று பேசி முடித்துவிட்டு வந்தார்.