விவசாயம், தொழில், சேவை... கன்னியம்மா

போன மாசம் ஒரு சனிக்கிழமை, பொருளாதாரக் கூட்டம் ஒன்றுக்குப் போயிருந்தேன். பேராசிரியர் அழகாகப் பேசினார். வளரும் நாட்டில் முதலில் விவசாயம். அங்கே மிஞ்சுகிற ஆட்கள் தொழிற்சாலைக்கு வருவார்கள். அப்புறம் மெல்ல மெல்ல ஆபீஸ், பாங்க், ஹோட்டல் என்று சேவைத் துறை பெருகும்... எல்லோரும் கை தட்டினோம். நானும்தான்.

வீட்டுக்கு வந்தால், கேட்டருகே மாணிக்கம்.

ஜீவனஹள்ளிக்காரர். கண்டோன்மெண்டில் வெள்ளைக்கார ராணுவ ஆபீசர்களின் மெஸ்ஸில் சமையல் பார்க்கும் பட்லராக இருந்தவர். எனக்குப் பல வருஷப் பழக்கம். பேராசிரியர் சொன்ன பாதையில் இந்த மனிதர் தலைகீழாக நடந்தவர் — சேவையில்தான் ஆரம்பித்தார். சுதந்திரம் வந்தது, துரைகள் கப்பலேறினார்கள், மெஸ்ஸை மூடினார்கள். மனைவி கன்னியம்மாவோடு சந்தாபுரா கிராமத்துக்குப் போய், மச்சான் நிலத்தில் ராகி போட்டார். மழை ஏமாற்றியது. அடுத்த வருஷமும் ஏமாற்றியது. மச்சான் ஒன்றும் சொல்லவில்லை. சாப்பிடும்போது பேசுவதை மட்டும் நிறுத்திக்கொண்டார். புரிந்துகொண்டு திரும்பி வந்தார்கள்.

ஒரு ஃபாக்டரி வாசலில் போய் நின்றார் மாணிக்கம். வயசு அதிகம் என்றார்கள். வேலை கிடைத்தது கன்னியம்மாவுக்குத்தான் — அதே ஃபாக்டரிக்குக் குவார்ட்டர்ஸ் கட்டும் இடத்தில், சித்தாளாக. செங்கல் சுமந்தார். அன்று கேட்டருகே நின்ற மாணிக்கம் சொன்னார்:

"கன்னி சாரத்துலேர்ந்து வுழுந்துட்டா சார். இடுப்புக்குக் கீழ உணர்ச்சியே இல்லேன்றாங்க ஆஸ்பத்திரில."

திங்கட்கிழமை அவரோடு ஃபாக்டரி ஆபீசுக்குப் போனேன். அதிகாரி மரியாதை தெரிந்தவர். உட்காரச் சொன்னார் — என்னை. ரொம்ப வருத்தப்பட்டார். ஆனால் அந்த அம்மாள் எங்கள் ஆள் இல்லையே, கன்ட்ராக்டரைப் பாருங்கள் என்றார். கன்ட்ராக்டரோ, ஆள் பிடித்தது மேஸ்திரி என்றார். மேஸ்திரி? விபத்துக்கு மறுநாளே வேறு ஏதோ சைட்டுக்குப் போய்விட்டாராம். எங்கே என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

வெளியே வந்தோம். மாணிக்கம் கோபப்படவில்லை. மெதுவாகக் கேட்டார்.

"அப்போ அவ இத்தினி நாளு யார்கிட்டதான் சார் வேலை செஞ்சா?"

பஸ் வரும் திசையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

விவசாயத்தால் இவ்வளவு, தொழிலால் இவ்வளவு என்று நாட்டின் வருமானத்தைப் பிரித்துப் பேசுகிறோமே... கன்னியம்மா தூக்கிய செங்கல் அத்தனையும் தொழில் வளர்ச்சியில் சேர்ந்துவிடும். விழுந்தது மட்டும் அவருடைய சொந்த விஷயம்.

இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஒற்றை அறை. மாணிக்கம்தான் கஞ்சி காய்ச்சி ஊட்டுகிறார். நேற்று பார்க்கப் போயிருந்தேன். கன்னியம்மா என் முகத்தைப் பார்க்காமல் சுவர்ப்பக்கம் திரும்ப முயன்றார். முடியவில்லை.

உங்களில் யாருக்காவது நல்ல சமையல்காரர் வேண்டுமா? சூப், கட்லெட், புட்டிங் எல்லாம் பிரமாதமாகச் செய்வார். மத்தியானம் கொஞ்ச நேரம் மட்டும் வீட்டுக்கு விட வேண்டும் — மனைவியைப் புரட்டிப் படுக்கவைக்க.