வேலை இல்லாத மூன்று கால்

போன வாரம் மகள் பினாங்கிலிருந்து வந்தாள். எங்கள் மலை ஊரான தானா ராத்தாவில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது கையில் இரண்டு பெட்டி. பார்த்ததும் புரிந்தது... லீவு இல்லை. வேலை போய்விட்டது.

சரசு அங்கே எலக்ட்ரானிக் ஃபேக்டரியில் நாலு வருஷம் இருந்தாள். ரேடியோவைத் திறந்தால் கருப்பாக, பூரான் மாதிரி கால்களோடு ஒன்று இருக்குமே, பார்த்திருக்கிறீர்களா? அதுதான் ஐசி. அதற்குள் முடியைவிட மெல்லிய தங்கக் கம்பியை, மைக்ரோஸ்கோப்பில் பார்த்து ஒட்டுவது அவள் வேலை. நாள் முழுக்க. கண் மங்கிவிட்டது.

அடுப்படியில் உட்கார்ந்து கேட்டேன்.

“என்னம்மா தப்பு பண்ணே?”

“மொத்தம் பதினாலு கால்ப்பா. அதுல மூணுக்கு வேல கெடயாது. கம்பி ஒட்டக்கூடாது. பக்கத்துக் கால்ல ஒட்டவேண்டியத அதுல ஒட்டிட்டேன். ஒரு தட்டு முழுக்க.”

“வேல இல்லாத கால எதுக்கு வைக்கிறான்? வெட்டிப் போடலாம்லா?”

சிரித்தாள். வந்த பிறகு அப்போதுதான் சிரித்தாள்.

“மேல இருக்கிற கருப்புக் கூடு எல்லாத்துக்கும் ஒரே அளவுப்பா. இதுக்குப் பதினொண்ணு போதும். அதுக்காகத் தனிக் கூடு செஞ்சா செலவு. அந்த மூணுக்கும் ரேடியோவுக்குள்ள இருக்கிற பலகையில ஓட்டை போட்டு, ஈயம் வச்சுப் பத்தவைப்பாங்க. அப்பத்தான் ஆடாம நிக்கும்.”

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. ஆனாலும் புரிந்தது.

மறுநாள் காலை, தேயிலைத் தோட்டத்தில் பேர் பதிந்து வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்கு, அவளுக்கு வேலை கேட்டு அழைத்துப் போனேன். கங்காணி எனக்குத் தம்பி முறை. சரசுவின் கண்ணாடியைப் பார்த்தார்.

“அண்ணே, கோவிச்சுக்காதீங்க. இந்தப் பனியில கண்ணாடி மூடிக்கும். கொழுந்து எது, முத்தல் எதுன்னு புள்ளைக்கு எப்படித் தெரியும்? சரிவுல கால் தவறினா?”

“கையால தடவிப் பார்ப்பா தம்பி. அவ அம்மா நெரைக்குப் பக்கத்துலயே போடு.”

“பேர் எழுதினா துரை என்னைத்தான் கேப்பாரு.”

சரசு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். துடைக்கத் துடைக்கப் படிந்தது.

“நீங்க வேலைக்குப் போங்கப்பா. எனக்கு வழி தெரியும்” என்றாள். வேலியைப் பிடித்துக்கொண்டே எங்கள் லயத்து வீட்டுக்கு நடந்தாள்.

கங்காணியைக் குறை சொல்லமாட்டேன். அவர் சொன்னது நிஜம்.

வேலையே இல்லாத காலுக்கும் பலகையில் ஓர் ஓட்டை போட்டு வைக்கிறார்கள்... என் மகளுக்கு இல்லை.